நான்காவது குழு வாசித்தபோது

அக்கா,

காலையில் மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். பக்கத்து வீட்டுப் பையனின் கறுப்பு டீ-ஷர்ட் ஒன்று கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மார்பில் கருவேல முள்ளை ஒடித்து அடுக்கியதுபோல எழுத்துகள். யாராலும் எளிதில் படிக்க முடியாத எழுத்து. முதுகுப் பக்கம் ஏதோ ஒரு ஹெவி மெட்டல் கச்சேரியில் வாசித்த குழுக்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். நீ போய் ஒன்பது வருடம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது என்று அந்த வெயிலில் நிற்கும்போது தோன்றியது.

இரண்டாயிரத்து ஆறு அது. நான் சென்னையில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். நீ பெண்ணாடத்தில் புருஷன் வீட்டை விட்டு விருத்தாசலத்தில் நம் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஏன் வந்தாய் என்று யார் கேட்டாலும் "போவப் பிடிக்கல" என்பதோடு நிறுத்திக்கொண்டாய். அப்பா எதுவும் கேட்கவில்லை. பீங்கான் ஃபேக்டரியில் சூளைப் பக்கம் வேலை முடித்து வந்து, குளித்து, சாப்பிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவருக்கும் சேர்த்துத் தெரு கேட்டது. கரும்பு வெட்டும் சமயத்தில் வீட்டில் ஆளில்லாமல் உன் மாமியார் தவிப்பதாக, பெண்ணாடம் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் எல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மா என் விடுதிக்குப் போன் செய்தாள். உன்னை ஒரு நாள் என்னிடம் அனுப்பி வைப்பதாகவும், நான் படித்தவள் என்பதால் நான் சொன்னால் நீ கேட்பாய் என்றும் சொன்னாள். பக்குவமாக எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியது என் பொறுப்பு. நானும் சரி என்றேன். அவ்வளவு பெரிய காரியத்தை வீட்டில் என்னிடம் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நீ வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கச்சேரி. ஷில்லாங்கிலிருந்து வந்து படித்த என் அறைத்தோழி பழக்கிவிட்ட இசை அது. அவள் இயர்போனில் ஒரு பக்கத்தை என் காதில் வைத்துவிடுவாள். ஊரில் யாருக்கும் இது தெரியாது. சென்னைக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானத்தில், மதியம் தொடங்கி ஐந்து குழுக்கள் வாசிப்பதாக இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால் அவளுடைய பாஸ் உனக்கு வந்தது. கச்சேரி என்றதும், மாசி மகத்துக்கு நம் ஊரில் நடக்கும் மெல்லிசைக் கச்சேரி மாதிரி என்று நீ நினைத்துக்கொண்டாய். மாம்பழக் கலர்ப் புடவை, தலையில் கனகாம்பரம், கையில் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா. வாசலில் நின்ற கூட்டம் முழுக்கக் கறுப்பு. அதற்கு நடுவில் நீ ஒருத்தி மஞ்சளாக நின்றாய்.

உள்ளே போவதற்கு முன்னால் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். எல்லா வீட்டிலும் சண்டை இருக்கிறது என்றேன். அவருக்குக் குடிப் பழக்கம்கூடக் கிடையாதே என்றேன். அப்பாவுக்கு எவ்வளவு தலைகுனிவு என்று யோசித்தாயா என்றேன். கடைசியாக, "கொஞ்சம் அனுசரிச்சுப் போக்கா" என்றேன்.

நீ பஜ்ஜியைப் பிய்த்து வாழைக்காயை மட்டும் தனியாக எடுத்து வைத்தாய்.

"அம்மா சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல. நானாத்தான் சொல்றேன்."

நீ டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி வா, ஒன் கச்சேரிக்குப் போவம்" என்றாய். நான் சொன்னது உனக்கு உறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

வாசல் காவலாளி எவர்சில்வர் டப்பாவை உள்ளே விட முடியாது என்றார். நீ அவரிடம் வாதாடவே இல்லை. முறுக்கை அப்படியே முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டு, காலி டப்பாவை அவர் மேஜையில் வைத்தாய். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அன்றைக்கு அதற்குப் பிறகு நான் சிரிக்க நேரமானது.

முதல் குழுவின் டிரம்ஸ்காரன் காலால் ஒரு மிதி மிதித்ததும் தரை அதிர்ந்தது. நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய். நகம் பதிந்தது. பாட்டுக்காரன் அடிவயிற்றிலிருந்து உறும ஆரம்பித்தபோது உன் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. ஊர்க்காரி, ஸ்பீக்கருக்கு மிரள்கிறாள் என்று நான் நினைத்தேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, அக்கா. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

இரண்டாவது குழுவின்போது பின்னால் தண்ணீர் டிரம் பக்கம் போய் நின்றோம். மேடைக்கு முன்னால் பையன்கள் வட்டமாக ஓடி ஒருவரை ஒருவர் மோதிக்கொண்டிருந்தார்கள். சண்டையா என்று கேட்டாய். இல்லை, அது ஒரு மாதிரி ஆட்டம் என்றேன். நீ நம்பவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒருவன் கால் தடுக்கி விழுந்தான். அவன் தரையைத் தொட்ட அடுத்த நொடியே நாலைந்து பேர் குனிந்து அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். கீழே கிடந்த கண்ணாடியை ஒருவன் எடுத்து அவன் மூக்கில் மாட்டிவிட்டான். நீ அதையும் பார்த்தாய்.

மூன்றாவது குழு முடிந்து மேடையில் கிடார் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார்கள். மைதானம் திடீரென்று அமைதியாகிவிட்டது. இடுப்புவரை முடி வளர்த்த ஒரு பையன் தண்ணீர் பிடிக்க வந்தான். நீ முந்தானையை அவிழ்த்து அவனுக்கு முறுக்கு கொடுத்தாய். அவன் வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்க்கா" என்று போனான். அவன் போவதைப் பார்த்துக்கொண்டே, வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோலத்தான் நீ சொன்னாய்.

"அவரு மொதல்ல டிவி சவுண்ட ஏத்துவாருடி. பக்கத்து வூட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு. அப்பறந்தான் அடி வுழும்."

நீ முந்தானையை மறுபடி முடிந்துகொண்டாய்.

"அதனால சத்தம் ஜாஸ்தியா கேட்டாலே ஒடம்பு தன்னால சுருங்கிடுது. நீ ஒண்ணும் நெனச்சுக்காத."

என் முழங்கையில் உன் நகம் பதிந்த இடத்தைப் பார்த்தேன். இரண்டு மணி நேரமாக உன்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. போய்விடலாம் வா என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ நகரவில்லை.

"இருடி. இங்க இவ்ளோ சத்தம் இருக்குது, ஆனா யாரும் யாரையும் அடிக்கலயே."

அப்போது நான்காவது குழு ஆரம்பித்தது. பாடியது ஒரு பெண். உன் வயதுதான் இருக்கும். ஒல்லியாக, மூக்குத்தி போட்டு, நம் தெருவில் தண்ணீர் எடுத்துப் போகும் யாரோ ஒருத்தி மாதிரி இருந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் போட்ட சத்தம் அதுவரை பாடிய எந்த ஆணும் போடாதது. நீ என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாய். நான் பின்னாலேயே வந்தேன். கூட்டம் உனக்கு வழி விட்டது. பாதி மைதானத்தில் நின்றாய். எல்லோரும் கையை உயர்த்திக் கத்திக்கொண்டிருந்தார்கள். நீ கையை உயர்த்தவில்லை. புடவையைத் தொடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாய்.

உன் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, மூச்சு வாங்கி வாங்கி மறுபடியும் கத்தினாய். ஒரு முழம் தூரத்தில் நின்றும் எனக்கு உன் குரல் கேட்கவில்லை. யாரும் உன்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பாட்டு முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். என்ன கத்தினாய் என்று கேட்டேன். தெரியவில்லை, யார் பேரும் இல்லை, வெறும் சத்தம்தான் என்றாய். தொண்டை கட்டிப்போயிருந்தது. ஐந்தாவது குழு வருவதற்குள் பஸ்ஸுக்குப் போக வேண்டியிருந்தது. காவலாளியிடம் டப்பாவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ரோட்டுக்கு வந்த பிறகு என்னால் அடக்க முடியவில்லை. டீக்கடையில் நான் பொய் சொன்னேன், அம்மா சொல்லித்தான் அதையெல்லாம் சொன்னேன் என்றேன்.

"தெரியும்டி. சொல்லும்போது என்னப் பாக்காம பஜ்ஜியத்தான பாத்துக்கிட்டிருந்த."

பிறகு நீ பெண்ணாடத்துக்கு இனிமேல் போவதில்லை என்றாய். அதை அப்பாவிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்றாய். உன் தொண்டையில் குரல் இல்லை. காயின் போனிலிருந்து பேசினேன். டிவி சத்தத்தைப் பற்றியும் சொன்னேன். மறுமுனையில் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து இன்னொரு காசு போட்டேன்.

"அவள பஸ்ஸு ஏத்தி வுடு" என்றார் அப்பா. "நான் ஸ்டாண்டுல நிக்கிறன்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பெண்ணாடத்திலிருந்து நாலு பெரிய மனிதர்கள் வந்தார்கள். நீ எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "நான் வரலைங்க, டீ ஆறிடும் குடிங்க" என்று சொன்னதாக அம்மாவே பிறகு சிரித்துக்கொண்டு சொன்னாள். தொழிற்பேட்டையில் பொம்மை செய்யும் ஷெட் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாய். அச்சில் மண் கூழை ஊற்றி, இறுகியதும் பிரித்து, பிசிறு சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வைக்கும் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை குதிரைக்கும் பிள்ளையாருக்கும் காது திருத்தினாய் என்று கணக்கே இல்லை என்பாய்.

உன் போனில் மெமரி கார்டு போட்டு அந்தப் பாட்டுகளை ஏற்றித் தரச் சொன்னாய். ஷெட்டிலிருந்த பெண்கள் அதைக் கேட்டு, பேய் ஓட்டுகிற பாட்டா என்று உன்னைக் கேலி செய்தார்கள். லீவில் வந்தபோது ஒரு முறை பார்த்தேன். அந்த உறுமலையும் கத்தலையும் நீ கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் சத்தம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். யாராவது வந்து சத்தத்தைக் கூட்டினால் உடனே குறைத்துவிடுவாய். ஒரு மதியம் கத்தியதில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நம்பியிருந்தேன். அப்படி இல்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன். ஆனால் நீ நன்றாக இருந்தாய். சாப்பிட்டாய், சிரித்தாய், பத்து வருடம் உன் இஷ்டப்படி இருந்தாய். ஒரு மழைக்காலத்தில் டெங்கு வந்தது. ஐந்தே நாள். நான் பஸ்ஸில் சேத்தியாத்தோப்பு தாண்டிக்கொண்டிருந்தபோது அப்பா போன் செய்து, மெதுவாக வா போதும் என்றார்.

இப்போது நான் இருப்பது நாலு மாடிக் குடியிருப்பு. படியில் போகும்போது எந்த வீட்டிலாவது டிவி சத்தம் திடீரென்று ஏறினால் என் கால் நின்றுவிடும். பெரும்பாலும் கிரிக்கெட்டாக இருக்கும், அல்லது காது மந்தமான யாராவது இருப்பார்கள். இருந்தாலும் மணியை அடித்து, உறைமோர் இருக்கிறதா என்று கேட்டுவிடுவேன். எங்கள் வீட்டில் தயிரே உறையாது என்று குடியிருப்பில் எனக்கு ஒரு பெயர் உண்டு.

போன மாதம் இரண்டாம் மாடியில் கதவு திறக்க நேரமானது. புதிதாகக் குடிவந்த பெண். ஒரு கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். உறைமோர் கேட்டேன். அவள் உள்ளே போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் யாரோ டிவியை அணைத்தார்கள். என் வீட்டு எண்ணைச் சொல்லிவிட்டு, எந்நேரம் வந்தாலும் கதவைத் தட்டலாம் என்று மட்டும் சொல்லி வந்தேன்.

நேற்று சாயங்காலம் அவள் வந்தாள். கையில் சின்னக் கிண்ணத்தில் உறைமோர் இருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். மனப்பாடமாக எதுவும் என்னிடம் இல்லை, அக்கா. கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி எதிரே உட்கார்ந்தேன். அவளாகப் பேசுகிறவரை நான் வாயைத் திறக்கவில்லை.