றெஜினாவின் உயரம்

இஷொய்,
12.4.1986

அன்பின் செலின்,

நீரும் மகள் றெஜினாவும் மாமாவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நான் சுகம். குளிர் குறைந்துவிட்டது, இருமலும் இல்லை.

விசா கிடைத்து நீங்கள் ஜூலையில் வந்ததும் மூவரும் பில்லுண்டு என்ற ஊருக்குப் போவோம். பிளாஸ்ரிக் கட்டைகளாலேயே சின்னச் சின்ன ஊர்கள் கட்டிவைத்திருக்கும் பெரிய விளையாட்டுப் பூங்கா அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே தங்க விடுதியும் உண்டு. அறை பதிய நேற்றுப் பயண அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே ஒரு பகிடி நடந்தது. சில சவாரிகளில் ஏற்றுவதற்குப் பிள்ளையின் உயரம் பார்ப்பார்களாம். மகள் எவ்வளவு உயரம் என்று அங்கிருந்த பெண் கேட்டாள். நான் கையை இடுப்பளவில் வைத்துக் காட்டினேன். வயதைக் கேட்டாள். ஏழு என்றேன்.

"ஏழு வயதுப் பிள்ளை இவ்வளவு சின்னதா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் விளங்கியது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாலு வயது மகளைத்தான் காட்டியிருக்கிறேன். அன்றைக்கே உங்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நீர் கேட்டீர். நான்தான் பிறகு பார்ப்போம் என்றேன்.

ரயிலுக்கு நேரமாகிறது. ஒன்று மட்டும் செய்யும். அவளைச் சுவரோடு நிறுத்தி, ஒரு நூலால் அளந்து, அந்த நூலை அடுத்த கடிதத்துக்குள் வைத்து அனுப்பும். குதியை உயர்த்திக் கள்ளம் பண்ணுவாள். தடுக்க வேண்டாம். நூல் இங்கு வந்து சேர்வதற்குள் அந்த அளவுக்கு வளர்ந்துவிடுவாள்.

உமது,
ஸ்ரனிஸ்லாஸ்