வேண்டாம் என்று சொல்லும் உரிமை

ஜூலை 10, வியாழன்

இன்றைய பேஸ்பால் ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ் பந்து வீசினேன். தோள் வலிக்கவில்லை. முழங்கால் வலிக்கிறது, அது வலிக்காத நாளை நான் மறந்தே போனேன். ஜெயித்தோம். ஜெயித்தும் கடைசியிலிருந்து இரண்டாவது இடம்தான்.

திரும்பி வரும் வழியில் கார் வானொலியில் ஒருவன் என்னைக் கூறுபோட்டு விற்றுக்கொண்டிருந்தான். எங்கள் அணி மில்வாக்கிக்கு இந்த வருடம் கதை முடிந்துவிட்டது, வெண்டலை இப்போதே தள்ளிவிட வேண்டும், சியாட்டில் அணிக்காரர்கள் பதிலுக்கு மூன்று இளம் ஆட்டக்காரர்களைத் தருவார்கள் என்றான். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. முப்பத்தேழு வயதில் ஒரு மனிதனைப் பண்டமாற்றா செய்வார்கள்? அப்புறம், கோபம் கொஞ்சம் ஆறிய பிறகு, மூன்று பேரா என்று நினைத்தேன். பரவாயில்லை.

என் மனைவி லோர்னா தோட்டத்தில் ஆஸ்பரகஸ் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நட்டு மூன்று வருடம் காத்திருந்து, இந்த வசந்தத்தில்தான் முதல்முறை பறித்தோம். என்னோடு ஊர் ஊராகச் சுற்றிய வாழ்க்கையில் அவள் நட்டது விளைந்து பார்த்த ஒரே வீடு இது.

"போறோமா?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"நான் சம்மதிச்சாத்தான் யாரும் அனுப்ப முடியும்."

அது உண்மை. லீக்கில் பத்து வருடம், அதில் கடைசி ஐந்தும் ஒரே அணியில் என்று ஆடியவனை அவன் ஒப்புதல் இல்லாமல் வேறு அணிக்குக் கொடுக்க முடியாது. ஆள் மாற்றும் கெடு முடியும் இந்த மாதக் கடைசி வரை யார் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். ஆனால் கேட்கட்டும். நன்றாகக் கேட்கட்டும்.

ஜூலை 14, திங்கள்

வானொலியில் விலை இறங்கிவிட்டது. இப்போது இரண்டு பேர்தானாம். ஏன், நடுவில் எனக்கு என்ன ஆயிற்று? நான் இரண்டு நாளாகச் சோபாவில்தானே உட்கார்ந்திருக்கிறேன்?

ஜூலை 20, ஞாயிறு

ஆட்டக்காரர்களை நோட்டமிடும் சியாட்டில் ஆள் இன்று வந்திருந்தார். தொப்பியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கேட்சருக்கு நேர் பின்னால், முதல் வரிசையில். பெண் பார்க்க வந்தவர் மாதிரி காப்பியைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சும்மா இருப்பேனா? இந்த வருடத்திலேயே வேகமான பந்துகளை இன்றுதான் வீசினேன். கையில் எதற்கோ ஸ்டாப்வாட்ச் வேறு வைத்திருந்தார்.

என் கேட்சர் வில்மர் நடுவில் ஓடிவந்தான். வெனிசுவேலாக்காரன், ஆறு வருடமாக என் பந்தைப் பிடிப்பவன், என்னைவிட ஒன்பது வயது சின்னவன். மரியாதை என்பது கிடையாது.

"பெருசு, யாருக்கு இந்த மாப்பிள்ளை முறுக்கு? என் கை எரியுது."

"பின்னாடி சியாட்டில் ஆளு, பாத்தியா?"

"அவருக்காகவா? நீதான் போக மாட்டேங்கிறியே."

"போக மாட்டேன்டா. ஆனா பாக்கட்டும்."

ஜூலை 21, திங்கள்

அந்த ஆள் இன்றும் வந்திருக்கிறார். இன்று நான் வீசும் நாளே இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்ததைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தார்? என்ன ஒரு ஆர்வம் என்று லோர்னாவிடம் சொன்னேன்.

ஜூலை 23, புதன்

வானொலியில் இப்போது பதிலுக்கு ஒரே ஒருவன். பத்தொன்பது வயது. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவன்.

அவன் ஆடும் காட்சிகளைத் தேடிப் பார்த்தேன். நன்றாகத்தான் ஆடுகிறான், படவா.

ஜூலை 24, வியாழன்

குளியலறையில் மறுப்புரையைச் சொல்லிப் பார்த்தேன். "உங்கள் மதிப்புக்கு நன்றி. ஆனால் சில மனிதர்களைக் கொடுத்து வாங்க முடியாது." இரண்டாவது வாக்கியத்துக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டால் நன்றாக இருக்கிறது.

வெளியிலிருந்து லோர்னா, "அந்த இடைவெளியில தண்ணிய மூடு" என்றாள்.

ஜூலை 25, வெள்ளி

பகல் ஆட்டம் முடிந்து வழக்கம்போல வறுத்த மீன் சாப்பிட வில்மர் குடும்பத்தோடு போனோம். அவன் மனைவி டயானிஸ் மடியில் கைக்குழந்தை. இலையுதிர் காலத்தில் எங்கள் தெருவிலேயே வீடு பார்க்கலாம் என்று அவளும் லோர்னாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். வில்மருக்கு அதிலெல்லாம் கவனம் இல்லை.

"பெருசு, கடைசியா கேள்விப்பட்டேன். உனக்குப் பதிலா ஒரு பை நிறைய பந்து தராங்களாம்."

"டேய்."

"புதுப் பந்துகூட இல்ல."

மேசையே சிரித்தது. குழந்தையும் சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

ஜூலை 30, புதன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மதிய ஆட்டம். ஐந்து இன்னிங்ஸ் முடிந்து திரும்பியதும், இன்றைக்குப் போதும் என்று பயிற்சியாளர் டட்லி என் தோளைத் தட்டினார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் வில்மரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். வில்மர் நேராக என்னிடம் வந்து, நெஞ்சுக் கவசத்தோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். குலுங்கி அழுதான்.

இந்த ஆட்டத்தைப் பார்க்கும் எவருக்கும் தெரியும், ஜூலை கடைசியில் ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் ஒருவனைக் கட்டிப்பிடித்தால் என்ன பொருள் என்று. கட்டிப்பிடிக்கப்பட்டவனை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். கேமராக்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டன. என்னைக் கேட்காமல் எப்படி என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவன் அழுகையில் நான் கரைந்துவிட்டேன்.

"அழாதடா," என்றேன். "தினமும் போன் பண்றேன். நீ தைரியமா இரு. நான் இல்லன்னா என்ன, வேற ஒருத்தன் பந்து போடுவான்."

அவன் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மற்றவர்கள் வந்து எங்கள் இருவர் மேலும் விழுந்தார்கள். கூட்டம் எழுந்து என் பெயரைக் கத்த ஆரம்பித்தது. நான் படியேறி வெளியே போய்த் தொப்பியைத் தூக்கினேன். சத்தம் ஓயவில்லை. மறுபடியும் போய்த் தூக்கினேன். கண்ணில் தண்ணீர்.

உள்ளே போய் என் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தேன். எங்கள் பொது மேலாளர் ஸ்லோன் வந்தான். மறுப்புரைக்கு எழுந்து நின்றேன். அவன் என்னைத் தாண்டிப் போய் வில்மரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "சியாட்டில்ல உன்ன ரொம்ப விரும்பிக் கேட்டாங்க" என்றான். அப்புறம் திரும்பி என் பையைப் பார்த்தான்.

"வெண்டல், நீ எங்க கெளம்பிட்ட?"

சியாட்டில் ஆள் பார்க்க வந்தது என்னை இல்லை. பந்தைப் பிடிப்பவனை. ஸ்டாப்வாட்ச், அவன் பந்தைப் பிடித்து எவ்வளவு சீக்கிரம் திருப்பி எறிகிறான் என்று பார்க்க.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு ஹெட்விக் அம்மாள் கண்ணாடிப் பாத்திரம் நிறைய, ஓவனில் வைத்துச் செய்த நூடுல்ஸோடு நின்றாள். தொலைக்காட்சியில் என் கண்ணீரைப் பார்த்து அவளும் அழுதிருக்கிறாள். "பாத்திரத்த திருப்பித் தர வேணாம். போற ஊர்ல என் ஞாபகமா வச்சுக்கோங்க."

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 31, வியாழன்

மாலை ஐந்து மணிக்குக் கெடு முடிந்தது. தொலைபேசி அடிக்கவில்லை. ஐந்தரைக்கு நானே ஸ்லோனைக் கூப்பிட்டேன்.

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். என்னப் பத்திப் பேச்சு நடந்துச்சா?"

"நடந்துச்சு வெண்டல்."

"யாரு கேட்டாங்க?"

கொஞ்சம் யோசித்தான். "சரியா சொல்லணும்னா, நாங்கதான் எல்லாரையும் கேட்டோம்."

லோர்னா காலையிலிருந்தே டயானிஸ் வீட்டில்தான். வில்மர் நேற்று மாலையே விமானம் ஏறிவிட்டான். மாற்று உடைகூட முழுதாக எடுக்கவில்லை. அவனுக்கு லீக்கில் ஆறே வருடம், எங்கே அனுப்பினாலும் போக வேண்டியதுதான். தொட்டில், பாத்திரம் எல்லாவற்றையும் இரண்டு பெண்களுமாகப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.

லோர்னா வந்து கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அவன் உன்னக் கட்டிப்பிடிச்சு அழுதானே, நீ என்ன சொன்ன?"

"தைரியமா இருன்னு சொன்னேன்."

"யாரு போறதுக்கு?"

வெட்கமாக இருக்கிறது. அந்தக் கைதட்டல் முழுவதும் அவனுடையது. நான் இரண்டு தடவை வெளியே போய் வாங்கிக்கொண்டேன். அவன் என் முதுகுக்குப் பின்னால் காலில் கட்டியிருந்த கவசத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஹெட்விக் அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னும் கெளம்பலியா?" என்றாள். இல்லை என்றேன். "எப்ப?" என்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சியாட்டில் இங்கே வந்திருக்கிறது. இன்று வீசியது நான்.

இரண்டாவது இன்னிங்ஸில் வில்மர் மட்டையோடு வந்தான். பெயரைச் சொன்னார்கள். அங்கங்கே கைதட்டினார்கள், பாதிப் பேர் பீர் வரிசையில் நின்றார்கள். முப்பது விநாடிக்குள் நான் பந்தை வீசியாக வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் காலைப் பதித்துத் தயாராகிவிட்டான். அவ்வளவுதானா இவனுக்கு?

மேட்டிலிருந்து இறங்கிக் குனிந்தேன். ஷூ லேஸ் சரியாகத்தான் கட்டியிருந்தது. அவிழ்த்தேன். மெதுவாகக் கட்டினேன். நேரம் தீர்ந்தது. வீசாத பந்தைத் தவறான பந்து என்று எனக்கு எதிராக எழுதினார் நடுவர். அப்போதுதான் கூட்டத்துக்கு விஷயம் புரிந்தது. எழுந்தார்கள். பீர் வரிசையும் ஓடிவந்தது. வில்மர் மட்டையடிக்கும் கட்டத்தை விட்டு வெளியே வந்து ஹெல்மெட்டைத் தூக்கினான், சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தான்.

சத்தம் போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. அடுத்த காலுக்குக் குனிந்தேன். இன்னொரு பந்தும் போயிற்று.

நடுவர் பக்கத்தில் வந்தார். "உனக்கு ரெண்டு கால்தான?"

"ரெண்டுதான் சார்."

அடுத்து வீசினேன். இப்படி இரண்டு பந்து பின்தங்கியிருக்கும்போது எல்லாரும் என்னிடம் வேகப்பந்தை எதிர்பார்ப்பார்கள், நான் வளைத்துத்தான் போடுவேன். உலகத்தில் இது தெரிந்தவன் ஒருவன்தான். ஆறு வருடம் அதைக் கேட்டு வாங்கிப் பிடித்தவன். அவன் அடித்த பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது. சுற்றி ஓடி வந்தவன் என்னைக் கடக்கும்போது, "பெருசு, இடது லேஸ் அவிழ்ந்திருக்கு" என்றான். குனிந்து பார்த்தேன். அது மட்டும் உண்மை.

ஆட்டம் முடிந்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். லோர்னா ஹெட்விக்கின் பாத்திரத்திலேயே நூடுல்ஸ் செய்திருந்தாள். விமானத்துக்கு நேரமாகிவிட்டது, அவனால் பாதிகூடச் சாப்பிட முடியவில்லை. பாத்திரத்தோடு கொடுத்துவிடலாமா என்று கேட்க வேலிப் பக்கம் போனேன்.

"நான் போறவங்களுக்குத்தான் குடுத்தேன்," என்றாள் ஹெட்விக் அம்மாள். "போறவன் கொண்டு போகட்டும்."

வாடகைக் காரின் பின் இருக்கையில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனான். தெருமுனை திரும்பும் வரை லோர்னாவும் நானும் கைதட்டிக்கொண்டிருந்தோம்.