முள்ளை மறைத்த பொட்டு

அன்பு மாப்ளே,

முதலில் மானத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ கண்ணை மூடின பிறகு உன் மீன் வேனை நான் ஓட்ட ஆரம்பித்தேன் இல்லையா, முதல் வாரம் முழுக்க ஆயில் பிரஷர் முள்ளை டீசல் முள் என்று மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். முள் இறங்கினதும் பங்கில் கொண்டுபோய் நிறுத்தினேன். டீசல் வழிந்து என் கால் நனைந்தது. பங்க்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இதே முள்ளுக்காக உன்னை எவ்வளவு கிண்டல் பண்ணியிருப்பேன்! லைட்ஹவுஸ் குப்பத்தில் மீன்கூடைப் பெண்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகும், ஸ்டார்ட் பண்ணிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

"இன்னா மாப்ளே, முள்ளு உன்கிட்ட பேசுதா?"

"பேசுது மச்சான். காலைல ஆயில் கெட்டியா இருக்கும், முள்ளு மேல நிக்கும். சூடானா தண்ணியாயிடும், வண்டி நின்னுனு இருக்கசொல்ல கீழ எறங்கும். பழைய இன்ஜினு, அதுக்கு பயமில்ல. ஆனா மிதிச்சா ஏறணும். ஓடும்போதே படுத்துச்சுனா..."

"தாலாட்டு பாடணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மீதியைச் சொன்னாயா? சொல்லியிருப்பாய். என் காதில் தங்கினது பாதிதான்: சூடானா இறங்கும், பயமில்லை.

அந்தப் பாதியை வைத்தே மூன்று மாதம் ஓட்டினேன். என் பின்னாடி உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்க்குமே கன்னியம்மா அக்கா, அதுதான் தினம் கேட்கும்: "இன்னாப்பா, ரோட்ல போசொல்லவே முள்ளு படுத்துனு கீது?" "சூடுக்கா" என்பேன். அக்கா விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பொட்டு வைக்கும்போது, முள் படுக்கிற இடத்திலேயே கண்ணாடி மேல் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்துவிட்டேன். சாமிக்கு வைத்ததை யார் கேட்பார்கள்?

அடுத்த வாரம் டச்சுக் கல்லறையைத் தாண்டினதும் இன்ஜின் கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றுபோனது. மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தார். நுனியில் ஈரம்கூட இல்லை. அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகியே தீர்ந்திருக்கிறது.

"ஓடும்போதே முள்ளு படுத்திருக்குமே, பாக்கலியா?"

பக்கத்தில் என் தங்கச்சி செல்வி நிற்கிறாள். அந்த வண்டி ஓடினால்தான் அவள் அடுப்பு எரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாப்ள ஓட்டினப்பவே இன்ஜின் போயிடுச்சுப்பா. அவன் எங்க பாத்தான்?"

திரும்பப் பேச முடியாத ஆள் நீதானே.

செல்வி வண்டிக்குள் ஏறி, முந்தானையால் அந்தப் பொட்டைத் துடைத்தாள்.

பேரிங் எல்லாம் மாற்றி வண்டி வர ஒரு மாசம் ஆனது. அதுவரைக்கும் செல்வி கருவாடு காயவைக்கிற வேலைக்குப் போனாள். வண்டி வந்த அன்றைக்குக் குப்பத்தில் எல்லோர் முன்னாடியும் சொல்லிவிட்டேன்: "முள்ளு பாக்காதவன் நான். மாப்ள இல்ல."

"தெரியும்ணே" என்றாள் செல்வி. "அவரு தெனம் வண்டிக்கு அடியில அட்டை போட்டு, சொட்டு வுழுந்துகீதானு பாப்பாரு. அந்த அட்டை இன்னும் வூட்லதான் கீது. நீதான் கேக்கல."

திட்டியிருந்தால் தேவலை.

இனி அட்டையும் கம்பியும் பார்க்காமல் சாவியைத் தொடமாட்டேன். முள் ஏறாமல் வண்டியை நகர்த்தமாட்டேன். சத்தியம் உன் மேல் இல்லை, என்னால் நீ பட்டது போதும். என் மேலேயே.

நேற்று எல்லாம் முறையாகச் செய்தேன். அட்டை பார்த்தேன், கம்பி பார்த்தேன், முள் ஏறி நிற்கும்வரை காத்திருந்தேன். பொன்னேரி வரைக்கும் அதன்மேல் ஒரு கண் வைத்தே போனேன். மார்க்கெட்டில் பின்கதவைத் திறந்தேன். கூடைகள் எல்லாம் இருந்தன. பெண்கள் இன்னும் குப்பத்து டீக்கடையிலேயே இருந்தார்கள்.

உன் பொண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
ஏகாம்பரம்