வெட்டி எறிந்த வெள்ளை ஓரம்

நவம்பர் 9, ஞாயிறு

என் ஆசைக் கறுப்பு ராசா, நம்ம அபர்டீன் பஜாரில் நீ வாங்கி வைத்துவிட்டுப் பிரிக்காமலே போன, துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்யும் காகிதக் கப்பலை இன்றைக்கு நானே செய்துவிட்டேன். முதலில் துண்டுகளைச் சுற்றியிருந்த வெள்ளை ஓரத்தைக் குப்பை என்று நினைத்து எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டேன். பக்கத்து வீட்டு மேரி அக்கா பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அரே பைத்தியக்காரி, பசை தடவத்தான்டி அந்த ஓரம்! இனி கப்பல காத்துலயா ஒட்டுவ?"

உன் கப்பலைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு பழைய காலண்டர் அட்டையைக் கீற்றாக நறுக்கி, உள்பக்கமாக ஒட்டுப்போட்டுச் சேர்த்தேன். மூக்கு கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் அலமாரி மேல் நிமிர்ந்து நிற்கிறது. நீ ஊரை விட்டுப் போன பிறகு இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

கப்பலின் பக்கவாட்டில் பெயர் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். கடையில் இதைக் கையில் எடுத்தபோது என்ன பேர் நினைத்தாய், ராசா?