தழும்பு இல்லாத கை

அர்சினோவே, பாவுனி மாதம் இருபதாம் நாள்

அன்பு அக்கா திதுமேவுக்கு, தங்கை தெர்மியோன் எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க என் ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம்.

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. குழந்தை எய்ரீனேக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்துவிட்டன, ஓயாத சிணுங்கல். தேள்காலம் வேறு. ஒரு நாளைக்குப் பத்து தடவை தொட்டிலை உதறிப் பார்க்கிறேன். என் கணவர் சிரிக்கிறார்.

சிலைக்கு முன்னால் ஒரு சொட்டு மது ஊற்றி, ஒரு வாய் இறைச்சி தின்றால் பேரரசரின் ஆட்கள் பலியிட்டாயிற்று என்று சீட்டு எழுதிக் கொடுத்து விட்டுவிடுகிறார்களே, இதற்கு ஏன் இத்தனை அடம் என்று கேட்டிருந்தாய். நீ அப்பாவின் தெய்வங்களோடு இருக்கிறாய், நான் கிறிஸ்துவிடம் வந்துவிட்டேன். அதற்காக நீ ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதனால் உனக்கு எதையும் மறைக்கப்போவதில்லை.

எங்கள் தெருவில் ரொட்டி சுட்ட கோப்ரெஸ் போன மாதம் கொல்லப்பட்டார். சாம்பிராணியை ஒரு சிட்டிகை தீயில் போடு, வீட்டுக்குப் போகலாம் என்று அதிகாரி நயமாகத்தான் சொன்னாராம். "இந்தக் கை மாவு பிசைஞ்சே பழகிடுச்சுங்க, இது மட்டும் அதுக்கு வராதுங்க" என்றிருக்கிறார் கோப்ரெஸ். கூட்டமே சிரித்திருக்கிறது. அவரும் சிரித்துக்கொண்டேதான் போனார் என்கிறார்கள். அவர் மனைவி இன்னும் சிறையில் இருக்கிறாள்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அவளுக்கு ரொட்டியும் வெங்காயமும் கொண்டுபோனேன். என் கன்னத்தைத் தடவி, "நீ சீட்டு வாங்கிட்டன்னு கேள்விப்பட்டோம்மா. பரவால்ல, புள்ளைக்காரி. நாங்க ஒண்ணும் நெனச்சுக்கல" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து என் கணவர் பாசியோனைக் கேட்டேன். அவர் பருப்புச் சாடிக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். என் பெயர், என் அப்பா பெயர், எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவள், இப்போதும் உங்கள் கண்முன் மது ஊற்றி இறைச்சி தின்றேன் என்ற வாசகம், கீழே இரண்டு அதிகாரிகளின் கையெழுத்து. வயது இருபத்திரண்டு, இடது மணிக்கட்டில் தழும்பு என்று அடையாளமும் இருந்தது.

என் கையில் ஏது தழும்பு? அது அவருடைய சித்தப்பா மகள் தாசிஸின் அடுப்புச் சூடு. முக்காடு போட்டு அவளை என் பெயரில் அனுப்பியிருக்கிறார். அவள் எப்போதும் கோயிலுக்குப் போகிறவள், அவளுக்கு அதில் உறுத்தல் இல்லை. ஆனால் எழுத்தர் வழக்கம்போல எதிரே நின்றவளின் அடையாளத்தை எழுதிவிட்டார்.

"படிச்சவளக் கட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு குழந்தையைக் காட்டி அழுதார். அக்கா, அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என்மேல் உள்ள ஆசையில் செய்த பிழை அது. இரண்டு நாள் நான் சும்மாதான் இருந்தேன். பருப்பை மேலே கொட்டி மூடினால் யாருக்குத் தெரியும் என்றுகூட நினைத்தேன். ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் எழவில்லை. ரொட்டிக்காரர் போட மறுத்த சிட்டிகையை நான் போட்டதாக அல்லவா ஊரே படிக்கும்படி எழுத்தர் தன் வாசலில் இன்னொரு படி ஒட்டியிருக்கிறார்.

மூன்றாம் நாள் போய்விட்டேன். எழுத்தர் முன்னால் இடது கையை நீட்டினேன். அவர் சீட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தழும்பு இல்லன்னு மாத்தி எழுதிட்டாப் போச்சு. இதுக்காம்மா வெயில்ல வந்தே?"

"தழும்பை விடுங்க ஐயா. என் பேரை எடுத்துடுங்க."

"பேரை எழுதச் சொல்லித்தான் ஊரே என் கதவை இடிக்குது. எடுக்கச் சொல்லி வந்தவ நீ ஒருத்திதான்."

யார் வந்து நின்றது என்று அவர் கேட்கவில்லை, தவறு அவர் மேசையில் நடந்ததல்லவா. நானும் சொல்லவில்லை. பெயரை அடித்துவிட்டார். பால் கொடுக்கிறவள் என்று வீட்டிலேயே இருக்கவிட்டு, அடுத்த மாதம் ஐந்தாம் நாள் ஆளுநர் முன் நிற்கச் சொல்லியிருக்கிறார். வெளியே வந்தால் ஒரு மர நிழலும் இல்லாத அந்த வெயிலில் என் கணவர் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார். திட்டவில்லை. வழியில் எனக்கு ஒரு வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தந்தார்.

பயம் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறேன் அக்கா, இரவில் நன்றாகத் தூங்குகிறேன். நேற்று சிறைக்குப் போனபோது கோப்ரெஸின் மனைவி என்னைப் பார்த்ததும் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

எய்ரீனே ஆட்டுப்பாலுக்குப் பழகிவிட்டாள், வெதுவெதுப்பாக இருந்தால் போதும். பேரீச்சம்பழத்தை மசித்து, நார் எடுத்துக் கொடுத்தால் விரும்பித் தின்கிறாள். இடது பக்கம் ஒருக்களித்துத் தட்டினால்தான் உறங்குவாள். அவள் அப்பாவுக்கு இதெல்லாம் வராது. ஆற்றில் வெள்ளம் ஏறுமுன் உன் ஊரிலிருந்து தானியப் படகு ஒன்று இங்கே திரும்புகிறதாம். அதில் வந்துவிடேன். ஐந்தாம் தேதிக்கு முன் வந்தால் நாம் மூவரும் ஒரு பாயில் படுக்கலாம். பிந்தி வந்தாலும் வா.

பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி என் சார்பில் முத்தமிடு. உன் மடி என்றும் நிறைந்திருக்கட்டும் அக்கா, இன்னும் ஒரு பிள்ளைக்கு அதில் இடமிருக்கட்டும்.

உன் தங்கை
தெர்மியோன்