மூன்றாவது இழுப்பறையில் இருந்த கெபாசிட்டர்

இன்று காலை மூன்றாவது இழுப்பறையைத் திறந்தேன். எட்டு மாதமாகத் தொடாதது. இந்த குவார்ட்டர்ஸ் உன் பேரில் இருந்தது. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி உன் ஆபீஸிலிருந்து கடிதம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் திறந்துதான் ஆகவேண்டும். பால்கனியை அடைத்துக் கட்டிய இந்தப் பட்டறையைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

உள்ளே உன் மருந்தகத்துப் பழுப்புக் காகித உறை. மேலே உன் ஹிந்தி எழுத்தில் 'ரிசர்வ்'. சுற்றிலும் ரப்பர் பேண்ட், இரண்டு சுற்று, நீ போடுகிற மாதிரியே. அது அங்கே இருக்க வழியே இல்லை. ஜனவரியில் அந்த ரப்பர் பேண்டை அறுத்து எறிந்தவன் நான்.

"மாமா, இந்தக் கவர யாரு இங்க வச்சது?"

உன் அப்பா சமையலறையில் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். முனிர்க்காவில் இருக்கும் தன் வீட்டிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்துவிடுகிறார். கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்.

"நாந்தான் மாப்ள. காரியத்துக்கு வீட்டக் கூட்டுறப்ப இந்தச் சாமான் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. கவரும் பக்கத்துலயே கெடந்துச்சு. எடுத்தத எடுத்த எடத்துல வைக்கணும்பாள்ல? அதான், வேற ரப்பர் போட்டு, தொறந்து கெடந்த டிராயர்லயே வச்சேன்."

சிரிக்கப் பார்த்தார். நான் கை கழுவுவதுபோல குளியலறைக்குள் போய்விட்டேன்.

உறைக்குள் இருப்பது செத்த கெபாசிட்டர். மீட்டர் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. அது எப்படி அங்கே வந்தது என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். நீ தமிழை வாய் ஓயாமல் பேசுவாய்; வாசிக்கச் சொன்னால் மட்டும் காகிதத்தை என்னிடமே தள்ளிவிட்டு, "நீயே படி, நான் கேக்கறேன்" என்று காலை நீட்டிக்கொள்வாய். இதையும் நான்தான் படித்துக் காட்டியிருப்பேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த வரியையும் விழுங்கிவிட்டுப் போக முடிந்திருக்காது.

கல்யாணமாகி வந்த மாதம் என் ரிப்பேர் சாமான்களெல்லாம் சோன்பப்டி டப்பாக்களில் கிடந்தன. நீ ஒன்றைத் திறந்து, ஏதோ செத்த பிராணியைப் பார்த்ததுபோல் மூடினாய்.

"அரே, எல்லாம் ஒரே டப்பாவுலயா? எங்க டிஸ்பென்சரில இப்படி வச்சா என்னை சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க."

"தேடினா கெடைக்கும்."

"பேஷன்ட் ஜன்னல்ல நிக்கறப்போ தேடுவியா?"

உனக்கு லீவு இருந்த ஒரு சனிக்கிழமை, செங்கோட்டைக்கு எதிரே இருக்கிற எலெக்ட்ரானிக்ஸ் சந்தைக்குப் போனோம். மெட்ரோவில் நின்றபடியே ஒரு சின்ன நோட்டை எடுத்தாய்.

"சொல்லு. உன் பாராசிட்டமால் எது?"

"என்ன?"

"தெனமும் போறது. தீர்ந்தா கடையே நின்னுடும். அது எது?"

"ரெசிஸ்டர். அதுலயும் ஒன் கே, டென் கே."

"அச்சா. ஆன்டிபயாடிக்?"

"டிரான்சிஸ்டர். நம்பர் பாத்துத்தான் போடணும். மாத்திப் போட்டா போச்சு."

"எல்.இ.டி?"

"விட்டமின். யாரு கேட்டாலும் குடுக்கலாம்."

பக்கத்தில் நின்ற சர்தார்ஜி நம்மை டாக்டர்கள் என்றே நினைத்திருப்பார். சந்தையில் நீ நூறு நூறாக எண்ணி வாங்கச் சொன்னதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், மேடம்தான் என்ஜினீயரா என்று ஹிந்தியில் கேட்டார். "நான் ஸ்டோர்கீப்பர் பையா, இவர் சும்மா மெக்கானிக்" என்றாய். அன்று வீடு திரும்பும்வரை என்னை மெக்கானிக் என்றே கூப்பிட்டாய்.

நாற்பது இழுப்பறை கொண்ட பிளாஸ்டிக் அலமாரி. ஒவ்வொன்றிலும் ஒரு திறந்த உறை, ஒரு ரிசர்வ் உறை. திறந்தது தீர்ந்தால் ரிசர்வின் ரப்பர் பேண்டைக் கழற்றலாம். கழற்றிய அன்றே ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பட்டியலில் எழுதிவிட வேண்டும். இது முதல் சட்டம். கழற்றிய பழைய பாகம் எதுவும் இழுப்பறைக்குத் திரும்பக் கூடாது என்பது இரண்டாவது. சந்தேகமாக இருந்தாலும் குப்பைதான். "எக்ஸ்பைரி ஆன மாத்திரையை யாராவது திரும்ப ரேக்ல வைப்பாங்களா?" என்பாய். எங்கள் ஆட்கள் எல்லோரும் வைப்பார்கள். என்றைக்காவது உதவும் என்று நாங்கள் எதையும் எறிவதில்லை. உனக்கு அது புரியவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நீ பார்வையிடுவாய். எந்த உறையையும் திறக்க மாட்டாய். ரப்பர் பேண்ட் இருக்கிறதா, உள்ளே கனமாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவாய்.

உன் நுரையீரல் இறுகத் தொடங்கி, ஆக்சிஜன் மெஷின் கட்டிலருகே வந்த பிறகும் அதை விடவில்லை. நீளக் குழாயை இழுத்துக்கொண்டு பால்கனிவரை நடந்து வருவாய். மூன்றாவது இழுப்பறையைக் காலி செய்து, அந்த மெஷினுக்கு வேண்டியதை மட்டும் அடுக்கச் சொன்னாய். ஃபில்டர், ஃப்யூஸ், மோட்டாரை உதைத்துக் கிளப்பிவிடும் கெபாசிட்டர். "இது என்னோட டிராயர். இதுல கை வைக்காதே."

தீபாவளிக்கு முந்தின வாரம் கை வைத்தேன். மேல்வீட்டு ஆன்ட்டியின் வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. திரைச்சீலையெல்லாம் நனைத்து வைத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தார். அதற்கும் உன் மெஷினுக்குப் போடுகிற அதே அளவு கெபாசிட்டர்தான். ஐந்து நிமிட வேலை. அவர் கொடுத்த லட்டில் பாதியை நீதான் சாப்பிட்டாய். மறுநாள் ஞாயிறு. உன் கட்டைவிரலை நினைத்து, ஆன்ட்டியின் மெஷினிலிருந்து கழற்றிய செத்ததை உறைக்குள் போட்டு ரப்பர் பேண்டைச் சுற்றினேன். அடுத்த வாரம் புதிது வாங்கிவிடலாம் என்றிருந்தேன்.

"எழுத எதுவும் இல்லியா?" என்று கேட்டாய்.

"இல்ல."

"எல்லாம் ஃபுல்?"

"ஃபுல்."

அதன்பின் மறந்தே போனேன். சாக்கு சொல்லவில்லை. சுத்தமாக மறந்தேன்.

ஜனவரி காலை உனக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக் தெரியாத பனிமூட்டம். மெஷின் கத்தியது. மோட்டார் உறுமுகிறது, சுழலவில்லை. கெபாசிட்டர்தான் என்று காதாலேயே சொல்லிவிட்டேன். உன்னைச் சின்ன சிலிண்டருக்கு மாற்றினேன். நீ பதறவில்லை. மூன்று விரலைக் காட்டினாய். மூன்றாவது இழுப்பறை. உறையை எடுத்து, ரப்பர் பேண்டை அறுத்து, மாட்டினேன். அதே உறுமல்.

புதிது போட்டும் ஓடவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ. அப்படித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். போர்டைக் கழற்றினேன். ஒவ்வொரு முனையாக அளந்தேன். இருபது, இருபத்தைந்து நிமிடம். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய், நம்பிக்கையோடு. சிலிண்டரின் முள் சிவப்புக்கு வந்தபோதுதான் அந்தக் கெபாசிட்டரின் காலில் சோப்புத்தூள் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கண்டேன். அதன்பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அது பனியில் ஊர்ந்து வந்தது.

பன்னிரண்டு நாள். எப்படியும் சில மாதங்கள்தான் இருந்திருக்கும் என்றார் டாக்டர். இருக்கலாம். மூன்றாம் நாள், ஐ.சி.யு. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மேலே பார்த்தபோது சீலிங் ஃபேன் கண்ணில் பட்டது. நம் வீட்டில் நான்கு ஃபேன்கள், குளிர்காலத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தவை. நான்கின் சின்னக் கெபாசிட்டரையும் கழற்றிச் சேர்த்துக் கட்டியிருந்தால் அந்த மோட்டார் ஓடியிருக்கும். டிப்ளமா முதல் வருடப் பாடம். அன்று காலை எனக்குத் தோன்றவில்லை.

இன்று காலைவரை உன் அப்பாவுக்குத் தெரிந்த கதை வேறு. பெரிய சிலிண்டரை நிரப்ப முந்தின நாள் எடுத்துப் போனவர் அவர். பனியாக இருக்கிறது, காலையில் கொண்டுவருகிறேன் என்று போனில் சொன்னார். சரி மாமா என்று நானும் சொன்னேன். எட்டு மாதமாக அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். 'நான் அன்னைக்கே கொண்டாந்திருக்கணும்.' ஒவ்வொரு சனிக்கிழமையும் நான், 'உங்க தப்பு இல்ல மாமா' என்பேன். ஆறுதலுக்குச் சொல்வதாக அவர் நினைத்துக்கொள்வார். யார் தப்பு என்று தெரிந்துதான் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்று குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது டீ போட்டு வைத்திருந்தார். உறையை அவர் முன்னால் வைத்தேன். வாஷிங் மெஷின், உன் கட்டைவிரல், அந்த இருபத்தைந்து நிமிடம், நான்கு ஃபேன்கள். எல்லாவற்றையும் சொன்னேன். சர்வீஸ் ரிப்போர்ட் வாசிப்பதுபோலத்தான் வந்தது. அழுகை வரவில்லை.

அவர் டம்ளரைத் தள்ளிவைத்தார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா."

"ஒங்களுக்கு என்னைக்குத் தெரியும்?"

"அன்னைக்கே."

"அன்னைக்கே." தலையை ஆட்டினார். "எட்டு மாசமா நான் கண்ண மூடுனா அந்த சிலிண்டர்தான் வந்து நிக்கிது. வாராவாரம் வந்து ஒங்ககிட்ட அழுதேன். எதுக்க ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா மாமா."

"அந்த மிசின் நின்னதுக்குக்கூட நான் ஒங்களக் கோவிக்க மாட்டேன் மாப்ள. மறதி யாருக்கும் வரும். ஆனா வாராவாரம் கேட்டுக்கிட்டே இருந்தீங்க பாருங்க..."

முடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். டீயைக் குடிக்கவில்லை. பாதி சுற்றிய குக்கர் தரையில் கிடந்தது. அதைச் சுற்றி முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வந்தது. அவர்தான்.

"நாளைக்கு டெம்போ எட்டு மணிக்கு வந்துரும். அலமாரிய நிமித்தி ஏத்தச் சொல்லுங்க, படுக்கப் போட்டா எல்லாம் கலந்துரும்."

"நீங்க வரீங்களா மாமா?"

"வருவேன். பேசுவேனான்னு தெரியல." பிறகு சொன்னார்: "மத்தியானம் வந்து படுத்தேன். அசந்து தூங்கிட்டேன் மாப்ள. எட்டு மாசத்துல மொத தடவ. முழிச்சு ஒக்காந்ததும் ஒங்க நெனப்புதான் வந்துச்சு. இனிமே ஒங்களுக்குத்தான் தூக்கம் வராது."

வைத்துவிட்டார்.

அவர் சொன்னது சரி. உன்னிடம் ஒருநாள் பொய் சொன்னேன். அவரிடம் எட்டு மாதம். முதலாவதைத் திருத்த வழியில்லை. இரண்டாவதை இன்று நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். உன் அப்பா தூங்கட்டும். மிச்சத்தை நான் சுமந்துகொள்கிறேன்.