எல்லோரும் சொன்ன பிறகுதான் பஸ் வெளிக்கிடும்

டீச்சர்,

இன்று காலை வினாத்தாள் கட்டுகளை வைக்க இடம் தேடி வகுப்பு அலுமாரியின் அடித்தட்டைத் திறந்தேன். பழைய தோல் வாசம் முகத்தில் அடித்தது. உங்கள் தம்பி பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்துப் பை. வார் அறுந்துவிட்டது, வாசம் மட்டும் அப்படியே இருக்கிறது. நீங்கள் கண்ணை மூடி இரண்டாவது மாரி மழையும் வந்துவிட்டது. பையை எறியவும் மனமில்லை, பாவிக்கவும் தெம்பில்லை. கதிரையில் வைத்தேன்.

உங்கள் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். என் ஒன்பது ஏயில் நான் கரும்பலகையில் இங்கிலீஸ் இலக்கணம் எழுத, பிள்ளைகள் கொப்பியில் பார்த்து எழுதுவார்கள். ஊசி விழுந்தால் கேட்கும். உங்கள் ஒன்பது பி கல்முனை பஸ் நிலையம். புத்தகத்தில் இருந்தது என்னவோ ரயில் நிலையத்தில் டிக்கட் வாங்கும் பாடம். "நம்மட புள்ளைகள் கோச்சியக் கண்டதா டீச்சர்? மட்டக்களப்போட கோச்சி முடிஞ்சிருது. தெரியாத ஒண்டுல ஏறி, தெரியாத பாஷையில கதைக்கச் சொன்னா அதுகள் என்ன செய்யும்?" என்றீர்கள். பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை இரண்டு வரிசையாக இழுத்துப் போட்டு பஸ் ஆக்கினீர்கள். ஒரு பிள்ளை இந்தப் பையை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் "வேர் ஆர் யூ கோயிங்?" என்று கேட்கும். எந்த ஊருக்கு, எதற்காக என்று இங்கிலீசில் சொன்னால்தான் சீட்டில் இருக்கலாம். எல்லோரும் சொன்ன பிறகுதான் பஸ் வெளிக்கிடும். அது உங்கள் சட்டம்.

அந்தச் சட்டத்தோடுதான் எனக்குச் சண்டை. ஒரு பிள்ளை வாய் திறக்காவிட்டால் முழு வகுப்பும் காத்துக் கிடக்கும். நீங்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். "பாடம் பிந்திப் போகுது டீச்சர், சோதின வருது" என்பேன். "சோதின நம்மளத் தேடி வந்துரும். இவள்ற வாய்க்குள்ள இரிக்கிற சொல்லு தானா வராது. காத்துத்தான் நிக்கணும்" என்பீர்கள். சத்தம் கேட்டு வந்த அப்போதைய பள்ளி அதிபரையும் ஒருநாள் கண்டக்டர் பிள்ளை மறித்து, எங்கே போகிறீர்கள் என்று இங்கிலீசில் கேட்டது. "ஒபிசுக்கு" என்று தமிழில் சொல்லிவிட்டு அவர் வந்த வழியே நடந்தார். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தது எனக்கு மட்டும் தெரியும்.

நீங்கள் போனதும் இரண்டு வகுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். களைத்துப் போனேன் டீச்சர். வருசத்துக்கு ஒரு கருத்தரங்கு, அதில் ஒரு புதிய முறையும் ஒரு சாப்பாட்டுப் பார்சலும் தருகிறார்கள். முறை மாறுகிறது, தொண்டை அதே பழைய தொண்டைதான். நேற்று இப்போதைய அதிபர் கூப்பிட்டுச் சொன்னார்: "டீச்சர், பேப்பர்ல கதைக்கச் சொல்லிக் கேக்கிறதில்ல. இனி பழைய வருசத்துப் பாஸ்ட் பேப்பர் மட்டும் செய்ங்க." அவரையும் குறை சொல்ல முடியாது. பெறுபேறு குறைந்தால் பெற்றோர் அவரைத்தான் பிடிப்பார்கள்.

ஆனால் ஒன்பது பியில் ஒரு பிள்ளை இருக்கிறாள். தாயில்லாதவள், உம்மா மௌத்து. வாப்பா பொத்துவிலில் கடல் தொழில். இவள் இங்கே சாச்சி வீட்டில் நின்று படிக்கிறாள். வந்த நாளிலிருந்து இங்கிலீஸ் பாடத்தில் ஒரு சொல் கதைத்ததில்லை. எழுத்தில் நல்ல புள்ளி எடுப்பாள். பாஸ்ட் பேப்பரோடு இவளை இப்படியே பள்ளிக்கூடம் முடித்து அனுப்பிவிடலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதுதான் என்னைத் தின்றது.

வினாத்தாள் கட்டுகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அறுந்த வாரை முடிச்சுப் போட்டு, ஒன்பது பியின் பெரிய வாயாடியிடம் பையைக் கொடுத்தேன். வாங்குகளை இழுத்தார்கள். மருதமுனைக்குச் சாரி வாங்கப் போனார்கள், அக்கரைப்பற்றுக்குக் கலியாண வீட்டுக்குப் போனார்கள், எல்லாம் பிழை பிழையாக. பொத்துவில் பிள்ளையிடம் வந்ததும் பஸ் நின்றுவிட்டது. அவள் குனிந்த தலை நிமிரவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். எனக்குக் கால் உளைந்தது. சரி, அடுத்த ஆளிடம் போ என்று சொல்ல வாய் வரை வந்தது. இடைவேளை மணியும் அடித்தது. டீச்சர், ஒரு பிள்ளையும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

வாயாடி அவள் பக்கத்தில் குந்தி, மெதுவாகத் திரும்பக் கேட்டாள்.

"பொத்துவில்" என்றாள். பிறகு, "டு சீ மை வாப்பா."

பஸ் வெளிக்கிட்டது. அந்த இரைச்சல் அதிபரின் அறை வரைக்கும் கேட்டிருக்கும். நாளைக்குக் கூப்பிடுவார். என்ன சொல்வதென்று யோசிக்கவும் இன்று தெம்பில்லை.

பையை அலுமாரியில் திரும்ப வைக்கவில்லை. நாளை ஒன்பது ஏயிலும் வாங்குகளை இழுக்க வேண்டும். அங்கே வாய் திறக்காத பிள்ளைகள் யார் யார் என்று எனக்குத் தெரியாது டீச்சர். என் வகுப்பில்தான் ஊசி விழுந்தாலும் கேட்குமே.